இரட்சிப்பின் விலைப்பட்டியல்

கிர்த்தா நகரத்துப் பறிமுதல் பட்டியல் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கி.பி. 303 மே 19. கிறித்தவர்களின் வேதப் புத்தகங்களைப் பிடுங்கி எரிக்கச் சொல்லிப் பேரரசன் டயோக்ளீஷியன் உத்தரவு போட்டிருந்தான். இன்றைய அல்ஜீரியாவில் இருக்கும் அந்த ஊரின் அதிகாரி எழுத்தர்களைக் கூட்டிக்கொண்டு வழிபாட்டு வீட்டுக்குள் நுழைந்தார். தங்கக் கிண்ணம் 2. வெள்ளிக் கிண்ணம் 6. பெண்களுக்கான அங்கி 82, ஆண்களுக்கானது 16. பெண்கள் செருப்பு 47 ஜோடி, ஆண்கள் செருப்பு 13 ஜோடி. எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில் சில்வானுஸ் என்ற துணைத் திருத்தொண்டர், ஜாடிக்குப் பின்னால் கிடந்தது என்று சொல்லி ஒரு வெள்ளிப் பெட்டியையும் வெள்ளி விளக்கையும் கொண்டுவந்து நீட்டினார். இது மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் உன் உயிர் போயிருக்கும் என்றார் உடன் வந்த ஊழியர்.

சில்வானுஸை மறந்துவிடாதீர்கள். பின்னாளில் தூய்மை பேசப்போகிறவர்களில் இவரும் ஒருவர்.

அடக்குமுறை ஓய்ந்ததும் விசாரணை ஆரம்பமாயிற்று. யார் யார் புத்தகத்தைக் கொடுத்தார்கள்? கொடுத்தவன் துரோகி. துரோகி கொடுத்த ஞானஸ்நானத்தில் இரட்சிப்பு உண்டா? கேள்வி நியாயமானதுதான். கேட்ட ஆட்களைப் பாருங்கள். அதே கிர்த்தாவில் ஆயர்கள் கூடினார்கள். தலைமை தாங்கிய செகுந்துஸ் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். ஒருவர், நான் கொடுத்தது வைத்தியப் புத்தகம் என்றார். பேரரசனின் ஆட்கள் கஷாயக் குறிப்பை வேதமென்று நம்பி வாங்கிப் போனார்களாம். இன்னொருவர் புர்புரியுஸ். இவர்மேல் இருந்தது புத்தகப் புகார் அல்ல, சகோதரியின் பிள்ளைகள் இரண்டு பேரைக் கொன்ற புகார். அவர் மறுக்கக்கூட இல்லை. எதிர்த்தால் இன்னும் கொல்வேன் என்றார். அதோடு நிறுத்தாமல், உம்மை மட்டும் அதிகாரிகள் எப்படி விட்டார்கள் என்று தலைவரையே திருப்பிக் கேட்டார். தலைவருக்கு வாய் அடைத்துவிட்டது. எல்லாவற்றையும் ஆண்டவரிடமே விட்டுவிடுவோம் என்று முடித்தார்கள். முடித்த கையோடு கிர்த்தாவுக்குப் புதிய ஆயரைத் தேர்ந்தெடுத்தார்கள். யாரை என்று நினைக்கிறீர்கள்? ஜாடிக்குப் பின்னாலிருந்து விளக்கை எடுத்துக் கொடுத்தவரை.

இந்தக் கூட்டத்தின் குறிப்பைப் பாதுகாத்து நமக்குத் தந்தவர் எதிர்க்கட்சிக்காரரான அகுஸ்தீன், பின்னாளில் ஹிப்போ நகரின் ஆயர். அந்த அளவு உப்பைச் சேர்த்தே இதை விழுங்குங்கள்.

சில வருடங்கள் கழித்து, இதே செகுந்துஸ் எழுபது ஆயர்களோடு கார்த்தேஜுக்குப் போனார். அங்கே செசிலியான் புதிதாக ஆயராகியிருந்தார். அவர் தலையில் கை வைத்து ஆயராக்கிய பெலிக்ஸ் புத்தகம் கொடுத்தவர், ஆகவே பதவி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். பெலிக்ஸ் குற்றமற்றவர் என்று 315இல் அரசு விசாரணையில் தெரிந்தது. அவருக்கு எதிராகக் காட்டிய கடிதத்தில் போலிக் கைவேலை இருந்ததும் தெரிந்தது. யாராவது வருத்தம் தெரிவித்தார்களா? திருச்சபை இரண்டாக உடைந்தது. உடைந்தவர்களுக்குத் தொனாத்துஸ் என்பவர் தலைவரானார். அவர் பெயராலே தொனாத்தியர். ஊருக்கு இரண்டு கோயில், இரண்டு ஆயர், இரண்டு ஞானஸ்நானம். புத்தகம் மட்டும் ஒன்று.

ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு எதிரெதிர் தீர்ப்பு வாங்கும் கலை அதற்கு நூறு வருடம் முன்பே தேர்ந்துவிட்டது. நோவாவின் பேழையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் கலிஸ்துஸ் ஆயராக இருந்தார். பாவிகளைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்கிறார் என்று அவர்மேல் குற்றச்சாட்டு. பேழையில் நாயும் ஓநாயும் காக்கையும் இல்லையா, சபையிலும் இருக்கட்டும் என்றாராம். இதைப் பதிவு செய்த ஹிப்போலித்துஸ் அவருடைய பரம எதிரி, அது வேறு கதை. ஒரு தலைமுறை போயிற்று. கார்த்தேஜில் சிப்ரியான் அதே பேழையை எடுத்தார். பேழைக்கு வெளியே தப்பியவர் உண்டா? சபைக்கு வெளியேயும் கிடையாது. ஒருவருக்குக் கதவைத் திறக்கப் பேழை, இன்னொருவருக்குச் சாத்தப் பேழை. பாவம், நோவா யாருக்கென்று பதில் சொல்வார்?

துன்புறுத்தினால் வேறு ஊருக்கு ஓடுங்கள் என்று இயேசு சீடர்களுக்குச் சொன்ன வசனமும் அப்படித்தான். அது அப்போஸ்தலர்களுக்கு மட்டும், அந்தக் காலத்துக்கு மட்டும், நாம் ஓடக்கூடாது என்று கார்த்தேஜில் உட்கார்ந்து ஒரு நூலே எழுதினார் தெர்த்துல்லியன். அடுத்த தலைமுறையில் அதே கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், 250இல் தேசியுஸ் பேரரசன் எல்லோரையும் பலியிடச் சொன்னபோது ஒளிந்துகொண்டார். ஆண்டவரின் கட்டளைப்படியே ஒதுங்கினேன் என்று ரோமுக்குக் கடிதம் எழுதினார். அதே சிப்ரியான் எட்டு வருடம் கழித்து ஓடாமல் நின்று தலையைக் கொடுத்தார். அந்த மனிதரின் தைரியத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் வசனத்துக்கு வந்த கதியைச் சொல்லத்தான் வேண்டும்.

அந்த 250இல் பலியிட்டதாகச் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட சான்றிதழ்கள் நிறையவே அகப்பட்டிருக்கின்றன. காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிய கிறித்தவர்கள் உண்டு. ஆபத்து விலகியதும் அவர்கள் சபைக்குத் திரும்ப வந்தார்கள், கையில் இன்னொரு சான்றிதழோடு. சிறையில் இருந்த விசுவாச வீரர்கள் கொடுத்த மன்னிப்புச் சீட்டு. இன்னாரையும் அவர் ஆட்களையும் சேர்த்துக்கொள்க என்று எழுதியிருக்கும். ஆட்கள் என்றால் எத்தனை பேர்? இருபது முப்பது பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்று சிப்ரியான் தலையில் அடித்துக்கொண்டார். பொய்ச் சான்றிதழால் இழந்த இரட்சிப்பைச் சிபாரிசுக் கடிதத்தால் மீட்டார்கள்.

பிரிந்துபோனவர்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி கொடு என்றார் சிப்ரியான். செல்லும், கையை மட்டும் வை என்றார் ரோமின் ஸ்தேபான். 256இல் கார்த்தேஜில் 87 ஆயர்கள் கூடி ஒவ்வொருவராகக் கருத்துச் சொன்னார்கள். எண்பத்தேழும் சிப்ரியான் பக்கம். இவ்வளவு ஒற்றுமையான சபையைக் கண்டால் உங்களுக்கு எழும் சந்தேகம்தான் எனக்கும் எழுகிறது.

அங்கே எடுத்துவிட்ட ஆயுதங்களில் ஒன்று சீராக் ஞான நூலின் ஒரு வசனம். பிணத்தைத் தொட்டவன் குளித்துவிட்டு மறுபடியும் அதையே தொட்டால் குளித்ததால் என்ன பயன் என்பது அதன் பொருள். ஆப்பிரிக்கப் பிரதிகளில், மறுபடியும் தொட்டால் என்ற நடுத்துண்டு இல்லை. துண்டு விழுந்ததும் வசனம் தலைகீழானது. செத்தவன் கையால் ஞானஸ்நானம் வாங்கியவனுக்கு என்ன பயன் என்று ஆயிற்று. செத்தவன் யார்? எதிர்க்கட்சி ஆயர்தான். தொனாத்துஸ் நடுவில் கைவைத்துத் திருடிவிட்டார் என்று அகுஸ்தீன் எழுதினார். தொனாத்தியர் பிறப்பதற்கு முன்பே அந்தப் பிரதிகள் அப்படித்தான் இருந்தன என்று முதுமையில் அவரே ஒப்புக்கொண்டார். ஆக, ஒரு பிரதியாளரின் கண் அயர்ந்த நேரத்தில் தவறிய சில சொற்களில் ஒரு மாகாணத்தின் மோட்சமும் நரகமும் தொங்கிக்கொண்டிருந்தன.

சரி, வசனத்தால் தீராத தொனாத்தியர் வழக்கைக் கூட்டிவைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று அரசாங்கம் நினைத்தது. 411 ஜூன் 1. கார்த்தேஜ், கார்கிலியுஸ் குளியல் மண்டபம். செசிலியான் வழிவந்த கத்தோலிக்கத் தரப்பில் 286 ஆயர்கள், தொனாத்தியத் தரப்பில் ஏறத்தாழ அத்தனை பேர். நடுவர் மார்செல்லினுஸ், பேரரசனின் அதிகாரி. கத்தோலிக்கர். அகுஸ்தீனின் நண்பர். அகுஸ்தீன் தன் பெரிய நூலான கடவுளின் நகரத்தைக் காணிக்கையாக்கியது இவருக்குத்தான். நடுநிலைக்கு இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்?

நடுவர் எல்லோரையும் உட்காரச் சொன்னார். தொனாத்தியர் உட்காரவில்லை. பொல்லாதவர்களோடு உட்காரக்கூடாது என்று சங்கீதத்தில் இருக்கிறதாம். பொல்லாதவர்களோடு ஒரே கூரையின் கீழ் நின்று நாள் முழுக்க வாதாடலாமா என்று சங்கீதம் ஒன்றும் சொல்லாததால் நின்றார்கள். நடுவர் தன் நாற்காலியையும் எடுத்துவிடச் சொன்னார். ஐந்நூற்றுச் சொச்சம் ஆயர்கள், வட ஆப்பிரிக்க ஜூன் மாத வெயில், நின்றபடி. முதல் நாள் முழுவதும் என்ன விவாதித்தார்கள் தெரியுமா? கையெழுத்து. யார் வந்தது, யார் வரவில்லை, எந்தப் பண்ணைக்கெல்லாம் ஆயர் நியமித்துக் கணக்குக் கூட்டினீர்கள் என்று இரு தரப்பும் மாறி மாறிக் கேட்டார்கள். ஒரு தொனாத்திய ஆயரின் கையெழுத்து இருந்தது, ஆளைக் காணோம். வழியில் செத்துப்போனார் என்றார்கள். கணக்கில் மட்டும் உயிரோடு இருந்தார்.

மூன்றாம் அமர்வில்தான் வேதத்துக்கு வந்தார்கள். கோதுமையும் களையும் ஒன்றாக வளரட்டும், அறுவடைவரை பொறுங்கள் என்ற உவமை. வயல் என்பது சபை, களையும் இருக்கத்தான் செய்யும் என்றது கத்தோலிக்கத் தரப்பு. வயல் என்பது உலகம் என்று இயேசுவே விளக்கம் சொல்லியிருக்கிறாரே என்றது தொனாத்தியத் தரப்பு. அந்த இடத்தில் எழுத்து தொனாத்தியருக்குச் சாதகம். எழுத்தைப் பார்த்தா தீர்ப்பு எழுதுகிறார்கள்? ஜூன் 8 இரவே தீர்ப்பு வந்துவிட்டது. கத்தோலிக்கருக்கு வெற்றி.

தொனாத்தியரை அப்பாவிகள் என்று எண்ணவேண்டாம். அவர்கள் பக்கம் ஒரு அடியாள் படை இருந்தது. கைத்தடிக்கு இஸ்ரவேல் என்று பெயர் வைத்திருந்தார்கள். பேதுருவிடம் வாளை உறையில் போடச் சொன்ன வசனம் இருக்கிறதல்லவா, அதனால் தடியோடு நிறுத்திக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். எதிர்க்கட்சிப் பாதிரியார்களின் கண்ணில் சுண்ணாம்பையும் காடியையும் கலந்து ஊற்றியவர்கள் அவர்கள். சுண்ணாம்பு ஊற்றக்கூடாது என்று வசனம் இல்லை.

அறுவடைவரை பொறுங்கள் என்று உவமை சொன்ன தரப்பு எவ்வளவு காலம் பொறுத்தது? 412 ஜனவரி 30 வரை. அன்று பேரரசன் ஹொனோரியுஸ் ஒரு சட்டம் போட்டான். தொனாத்தியனாகவே இருந்தால் அபராதம். உச்சிப் பதவிப் பிரபுவுக்கு 50 ராத்தல் தங்கம். அதற்கு அடுத்த படிக்கு 40. செனட்டருக்கு 30. நகர மன்ற உறுப்பினருக்கு 5, வியாபாரிக்கு 5, சாதாரணக் குடிமகனுக்கும் 5. அடியாள் படைக்கு 10 ராத்தல் வெள்ளி. நரகத்துக்குக்கூட அந்தஸ்துவாரியாகக் கட்டணம் வைத்த முதல் அரசு இதுவாகத்தான் இருக்கும். அடிமையை எசமான் கண்டித்துத் திருத்தவேண்டும். குத்தகை உழவனிடம் தங்கம் ஏது? அவனுக்கு அடி. அடிக்கடி அடி என்று சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த உழவனுக்கு லத்தீன்கூட ஒழுங்காக வராது. பல ஊர்களில் பேச்சு பியூனிக் மொழி. செசிலியான் யார், பெலிக்ஸ் யார் என்று அவனுக்கு எவன் சொன்னான்? எசமான் எந்தக் கோயிலுக்குப் போனானோ அங்கே போனான். நூறு வருடம் முன்பு எவனோ விளக்கைக் கொடுத்த பாவத்துக்கு அவன் முதுகு வீங்கியது.

இதற்கும் வசனம் வேண்டுமே. அகுஸ்தீன் கண்டுபிடித்தார். லூக்கா நற்செய்தியில் ஒரு விருந்துக் கதை. அழைத்தவர்கள் வரவில்லை. வீட்டுக்காரன் வேலைக்காரனை அனுப்பித் தெருவோரத்திலும் வேலியோரத்திலும் இருப்பவர்களைக் கட்டாயப்படுத்திக் கூட்டி வரச் சொல்கிறான். அவ்வளவுதான், சட்டம் கிடைத்துவிட்டது. தெருவும் வேலியும் என்றால் கள்ள உபதேசமும் பிரிவினையும், கட்டாயம் என்றால் ஹொனோரியுஸ். சந்தேகம் இருந்தால் பவுலைப் பாருங்கள், அவரைத் தரையில் தள்ளிக் கண்ணைக் குருடாக்கித்தானே ஆண்டவர் மீட்டார் என்றார். கதையைத் திருப்பிப் படியுங்கள். வரமாட்டேன் என்றவனை அதில் யாரும் அடிக்கவில்லை. நிலம் வாங்கினவன் நிலத்தைப் பார்க்கப் போனான். மாடு வாங்கினவன் மாட்டை ஓட்டிப் பார்க்கப் போனான். புதுமாப்பிள்ளை வீட்டிலேயே இருந்துவிட்டான். ஐந்து ராத்தல் தங்கம் எடுத்து வை என்று வீட்டுக்காரன் சொன்னதாக லூக்கா எழுதவில்லை.

முன்பு அகுஸ்தீனே கட்டாயம் வேண்டாம் என்றவர். சட்டத்துக்குப் பயந்து ஊர் ஊராகச் சேர்ந்ததைக் கண்டு மனம் மாறினேன், என் சொந்த ஊரே அதற்குச் சாட்சி என்று எழுதினார். பலன் கிடைத்தது, ஆகவே வசனம் சரி. கொலை செய்த அடியாட்களுக்குக்கூட மரண தண்டனை வேண்டாம் என்று அவர் மார்செல்லினுஸிடம் கெஞ்சியது உண்மை. அதே கடிதத்தில், வதைக் கருவிகளால் சித்திரவதை செய்யாமல் பிரம்படியோடு வாக்குமூலம் வாங்கியதற்குப் பாராட்டும் இருக்கிறது. வாத்தியாரும் பெற்றோரும் ஆயர்களும் பயன்படுத்துகிற முறைதானே என்றார்.

இப்படி உள்ளே இழுத்துவந்த ஊர்களில் ஒன்று புஸ்ஸாலா. அகுஸ்தீனின் ஹிப்போ நகரிலிருந்து நாற்பது மைல். பியூனிக் தெரிந்த ஆயர் வேண்டும் என்று தேடி, தன் மடத்தில் வளர்ந்த அந்தோனினுஸ் என்ற இளைஞனை அகுஸ்தீன் அனுப்பினார். வயது இருபதை ஒட்டி. அவன் ஊரையே சுரண்டினான். பணம், துணி, ஆடுமாடு, விளைச்சல், ஒன்றையும் விடவில்லை. பிறர் வீட்டுக் கல்லைப் பிடுங்கித் தனக்கு வீடு கட்டினான். மக்கள் அழுதுகொண்டு புகார் கொடுத்தார்கள். ஆயர்கள் கூடினார்கள். ஊரை எடுத்துக்கொள்வது, ஆயர் பட்டத்தை விட்டுவைப்பது என்று தீர்ப்பு. பட்டம் இருக்கும்போது ஊர் எங்கே என்று அவன் ரோமுக்கே மேல்முறையீடு செய்தான். அகுஸ்தீன் வெட்கத்தால் பதவியை விடவே யோசித்தார் என்பது அவர் கடிதத்திலேயே இருக்கிறது. அவரைத் தவிர வெட்கப்பட்டவர் யாரென்று தெரியவில்லை. கெட்டவன் கொடுத்தாலும் ஞானஸ்நானம் செல்லும் என்பதுதானே நூறு வருட வழக்கின் தீர்ப்பு? புஸ்ஸாலா மக்களுக்கு அதன் பலன் முழுதாகக் கிடைத்தது. வீட்டில் கல் இல்லை. இரட்சிப்பு பத்திரமாக இருந்தது.

பெலாகியுஸ் விவகாரத்தில் இவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. ஆதாமின் பாவம் பச்சைக் குழந்தைக்கும் உண்டா என்பது கேள்வி. இல்லை என்பது பெலாகியுஸின் கட்சி. 415இல் பாலஸ்தீனத்து ஆயர்கள் பெலாகியுஸ் குற்றமற்றவர் என்றார்கள். 417இல் ரோமின் இன்னொசெந்து குற்றவாளி என்றார். அதே வருடம் அவருக்குப் பின் வந்த சோசிமுஸ் குற்றமற்றவர் என்றார். 418 ஏப்ரல் 30இல் பேரரசன் ரோமை விட்டு வெளியேற்று என்றான். சோசிமுஸுக்கு உடனே வேதம் விளங்கிவிட்டது, குற்றவாளி என்றார். அரசவையின் குதிரைப்படை அதிகாரிகளுக்காக அகுஸ்தீனின் நண்பர் அலிப்பியுஸ் எண்பது குதிரைகளை ஓட்டிவந்தார் என்று தோற்ற கட்சியின் யூலியான் குற்றம் சாட்டினார். கட்சிக்காரர் பேச்சு, அப்படியே நம்பவேண்டாம். குதிரை இருந்ததோ இல்லையோ, ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தைக்கு நரகம் என்பது உறுதியாயிற்று. இருப்பதிலேயே இலேசான தண்டனைதான் என்று அகுஸ்தீன் ஆறுதல் சொன்னார். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாயிடம் இதை நேரில் சொல்லிப் பார்த்திருக்கலாம்.

பிறகு வண்டாலர்கள் வந்தார்கள். 439இல் கார்த்தேஜ் விழுந்தது. அவர்களும் கிறித்தவர்கள்தான், ஆனால் ஆரியுஸ் கட்சி. மகன் தந்தைக்குச் சமமல்ல என்பவர்கள். அரசன் ஹூனெரிக் 484 பிப்ரவரி 1 அன்று கத்தோலிக்க ஆயர்களைக் கார்த்தேஜுக்கு விவாதத்துக்கு அழைத்தான். உங்கள் விசுவாசத்தை வேதத்திலிருந்தே நிரூபியுங்கள் என்றான். போனால், ஆரியுஸ் கட்சித் தலைவர் சிரிலா உயரமான சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். விவாதத்தைத் தொடங்கச் சொன்னதும், எனக்கு லத்தீன் தெரியாது என்றார். இதுவரை லத்தீனில்தானே பேசிக்கொண்டிருந்தீர் என்று கத்தோலிக்கர் கத்தினார்கள். விவாதம் அவ்வளவுதான்.

அதே மாதத்தில் ஹூனெரிக்கின் ஆணை வந்தது. ஜூன் 1க்குள் மாறாவிட்டால் அபராதம். உச்சிப் பிரபுவுக்கு 50 ராத்தல் தங்கம். அடுத்தவருக்கு 40. செனட்டருக்கு 30. வியாபாரிக்கு 5. சாதாரணக் குடிமகனுக்கு 5. ஹொனோரியுஸின் சட்டத்தை வரிக்கு வரி எடுத்து எழுதியிருந்தார்கள். அடியாள் படைக்கு 10 ராத்தல் வெள்ளி என்ற வரியைக்கூட விடவில்லை. அந்தப் படை தொனாத்தியருடையது, கத்தோலிக்கருக்கு அப்படி ஒன்று கிடையாது என்று எழுத்தருக்கு யாரும் சொல்லவில்லை போலும். கூடவே கட்டாய மறு ஞானஸ்நானமும் நடந்தது. மறு ஞானஸ்நானம் கூடாது என்று நூறு வருடம் வழக்காடி வென்றவர்களைப் பிடித்து முக்கினார்கள். ஆயர்கள் பலரைக் கோர்சிகாத் தீவுக்கு அனுப்பி, அரசனின் கப்பலுக்கு மரம் வெட்ட வைத்தார்கள்.

விற்றா ஊர் விக்டர் என்ற கத்தோலிக்கர் இந்தக் கொடுமைகளை உட்கார்ந்து எழுதினார். ஆணையையும் முழுதாகப் பதிவு செய்தார். அவருடைய ஆத்திரம் எதன்மேல் என்று பார்த்தேன். நம் கிறித்தவப் பேரரசர்கள் இவர்களுக்கும் மற்றக் கள்ள உபதேசக்காரர்களுக்கும் எதிராகப் போட்ட சட்டத்தை, வெட்கமில்லாமல் நமக்கு எதிராகவே திருப்பிவிட்டானே என்பதுதான் அவர் புகார்.